விடியலில் இறங்கும் எண்

சந்திரலேகாவுக்கு ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேச வராது. எதிரில் நிற்பவரின் கையைப் பார்ப்பாள், செருப்பைப் பார்ப்பாள், பின்னால் ஓடுகிற பூனையைப் பார்ப்பாள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதற்கும் அதுதான் காரணம் என்று அவள் அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எழுந்து பதில் சொல்லச் சொன்னால் அழுதுவிடுவாளாம். ஆனால் வாய் திறக்காதவளுக்குக் கண் இரண்டும் ஓயாமல் வேலை செய்யும். தெற்கேயிருந்து வந்து வடக்குப்பட்டில் மாடி வீட்டுக்குக் குடியேறிய ஒரு மாதத்தில், எந்த வீட்டு ஆள் எந்தக் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறான், இறங்கும்போது எவன் முகம் ஓவர்டைம் பார்த்த முகம், எவன் முகம் திட்டு வாங்கிய முகம் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி ஆகிவிட்டது.

அவள் புருஷன் இசக்கிதுரைக்கு ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியில் பெயின்ட் ஷாப் வேலை. பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் காரின் வெறுங்கூட்டைப் பெரிய பெரிய தொட்டிகளில் முக்கி எடுப்பார்கள். ஒவ்வொரு தொட்டித் தண்ணீருக்கும் பிஎச் என்று ஓர் எண் உண்டு. “கீழ இறங்கினா புளிப்பு, மேல ஏறினா சுண்ணாம்பு, அவ்வளவுதாம்ட்டி” என்று கல்யாணமான புதிதில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தான். எண் இறங்கினால் அந்த நிமிஷமே மருந்து விட்டு ஏற்றிவிட வேண்டும். யோசித்துக்கொண்டு நின்றால் வரிசையாகக் கூடுகள் கெட்டுப்போகும். “நம்பர் விழுந்தா முதல்ல கை ஓடணும், மூளை மெதுவா வரட்டும்” என்பது அவனுடைய சூப்பர்வைசர் ரகுபதி சொல்லிச் சொல்லி ஏற்றிய பாடம்.

போன சித்திரையில் அவர்களுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில் வைத்திருந்தார்கள். சில நாள் இருந்தது. பிறகு இல்லை.

அத்தனை சின்னப் பிள்ளைக்குச் சடங்கு கிடையாது. கொள்ளி கிடையாது, காரியம் கிடையாது, மாலை போட ஒரு போட்டோ கிடையாது, வருஷம் திரும்பினால் திதியும் கிடையாது. பெற்றவளைக் கூட்டிப்போகிற வழக்கமும் இல்லை. இசக்கிதுரையும் அவனோடு வேலை பார்க்கிற ராஜசேகரும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது அவன் பேன்ட்டில் முழங்கால் வரை கருஞ்சாம்பல் நிறத்தில் சேறு அப்பியிருந்தது. லேகா அதை அப்படியே நனைத்துத் துவைத்துக் காயப்போட்டுவிட்டாள். தண்ணீர் முழுக்கச் சாக்கடையில் இறங்கிய பிறகுதான், அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து வைத்திருக்கலாமே என்று தோன்றியது. துணி துவைக்கிற கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு அவனிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. பிள்ளையை எங்கே வைத்தீர்கள்? சாப்பாடு போடும்போது ஒரு தரம் ஆரம்பித்தாள். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போய்விட்டான். இன்னொரு தரம் பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தபோது கேட்டாள். காற்றில் காதில் விழாதவன்போல ஓட்டிக்கொண்டே போனான். காதில் விழுந்ததென்று அவளுக்குத் தெரியும். அவன் தோள் இரண்டும் இறுகியதைப் பார்த்தாளே.

ஆடி மாதத்தில் இரண்டு காரியம் நடந்தது. யாருக்கும் வேண்டாத சி ஷிஃப்ட்டை, அந்த ராத்திரி வேலையை, நிரந்தரமாகத் தனக்கே தரும்படி அவன் கேட்டு வாங்கிக்கொண்டான். அதே வாரத்தில் ஒரு குட்டியானை வேனில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று வந்து இறங்கியது. கம்பெனியில் வேலை பார்த்த வெளிநாட்டு என்ஜினீயர் ஒருவர் தன் நாட்டுக்கே திரும்பப் புறப்பட்டபோது, வீடு காலி செய்யப் போய் உதவியவனுக்கு அப்படியே கொடுத்துவிட்டாராம். கடல் தண்ணீர் கரைக்கிற உப்பு, நீல விளக்கு, பாறை, பாறையில் ஒட்டிய மெத்தென்ற பவளப் பூக்கள், இரண்டு கோமாளி மீன், கூடவே எந்நேரமும் பிஎச் எண்ணைக் காட்டுகிற ஒரு சின்ன மீட்டர்.

“நீ தனியா இருப்பல்லா. துணையா இருக்கும்” என்றான்.

கண்ணாடிப் பெட்டியும், உள்ளே விளக்கும், பக்கத்தில் ஓர் எண்ணும். ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் இருந்தது. முதல் வாரம் அதன் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடலாமா என்றுகூட நினைத்தாள்.

கீழ் வீட்டு அம்சவல்லி படியேறி வந்து பார்த்தாள். வீட்டுக்காரர் நடேசனின் மனைவி. இந்த ஊர்க்காரி. மனதில் இருப்பது வாயில் வர அரை நொடிகூட ஆகாது.

“இன்னாம்மா இது, மீனைக் கொயம்பு வைக்காம டிவி மாரி பாத்துக்கினு கீறீங்க? இதுக்கு கரன்ட் பில்லு வேற தனியா வரும், சொல்லிட்டேன்.”

“வந்தாக் குடுத்துருதோம் அக்கா” என்று லேகா அவள் கால் மெட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

பழகப் பழகத் தொட்டி அவளைப் பிடித்துக்கொண்டது. விளக்கு எரிந்ததும் பாறையில் பொத்தான் பொத்தானாக இருக்கும் பச்சைப் பூக்கள் ஒவ்வொன்றாக இதழ் விரிக்கும். பெரிய மீன் சின்ன மீனை முட்டி முட்டித் துரத்தும். அதற்குச் சினம் அடங்கினால் இரண்டும் ஒரே பொந்தில் போய் நிற்கும். அவள் வேலையெல்லாம் முடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

விடியற்காலையில், ஷிஃப்ட்டின் கடைசி டீ பிரேக்கில், அவனிடமிருந்து போன் வரும்.

“நம்பர் என்னட்டி?”

“ஏழு எட்டு.”

“ஏழு புள்ளி எட்டா? இறங்கிட்டே! எட்டுக்குக் கீழ போகக்கூடாதுட்டி. சுண்ணாம்புத் தண்ணி ஒரு டம்ளர் விடு. போனை வைக்காத. ஏறுதா பாரு.”

டப்பாவில் சுண்ணாம்புத் தூள் வைத்திருந்தான். தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்தால் எண்ணை ஏற்றுகிற மருந்து அது. அவள் விடுவாள். எண் ஏறும். அவன் வைத்துவிடுவான். அவள் தூங்கினாளா, சாப்பிட்டாளா, அழுதாளா என்பது அந்தப் பேச்சில் வராது. வீட்டில் இருக்கும் நேரத்திலும் அவர்களுக்குள் பேச்சென்றால் இந்த எண்ணைப் பற்றித்தான்.

நாள் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒன்று பிடிபட்டது. விளக்கு அணைந்த பிறகு தொட்டிக்குள் இருக்கும் மீன், பூ, பாசி எல்லாம் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கின்றன. அந்த மூச்சு தண்ணீரிலேயே தங்கி, விடிவதற்குள் எண்ணை இறக்கிவிடுகிறது. விளக்கு எரிந்ததும் பாசியும் பூவும் அதே மூச்சைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள, எண் தானாக மேலே போகிறது. வீட்டை அடைத்து வைத்தால் இன்னும் இறங்கும், அடுக்களைச் சன்னலைத் திறந்தால் சீக்கிரம் ஏறும். சுண்ணாம்புத் தண்ணீர் விட்ட நாளில்தான் பூக்கள் மதியம் வரை முகத்தைச் சுருக்கிக்கொண்டு கிடக்கின்றன. விட மறந்த நாளில் நன்றாக விரிகின்றன.

தன்னைப் போலத்தான் இதுவும் என்று நினைத்தாள். அவளுக்கும் விடியற்காலம்தான் கெட்ட நேரம். மார் கனக்கும், எழுந்திருக்கப் பிடிக்காது. கொடியில் வெயில் விழும் நேரத்துக்குள் எப்படியோ நிமிர்ந்துவிடுவாள்.

இதை அவனிடம் சொல்லிப் பார்த்தாள். “விழுந்த நம்பரை விழுந்தபடி விடுறதா? என்ன பேச்சுப் பேசுத?” என்று கத்தினான். சத்தத்தைவிட, அதில் இருந்த நடுக்கம் அவளைப் பயமுறுத்தியது.

கார்த்திகையில் ஒரு விடியலில், மீட்டர் ஏழு புள்ளி எட்டு காட்டிக்கொண்டிருந்தபோது, அவள் வாயிலிருந்து வேறொன்று வந்தது.

“எட்டு.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. “நல்லது. அப்ப நீ கொஞ்சம் தூங்கு, லேகா.”

சித்திரைக்கு முன்னால் கேட்ட குரல் அது. அவன் பேசி முடித்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் எட்டு என்றாள். சன்னலைத் திறந்து வைத்தாள். அவன் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வந்து சேர்வதற்குள் எண் உண்மையாகவே எட்டைத் தொட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை விடியலில் அவன் அடித்துப்போட்டதுபோல் தூங்குவான். ஆகவே அவனுக்கு ஒரு நாளும் தெரியவில்லை. “நீ எப்படி இருக்க?” என்று அபூர்வமாக அவன் கேட்டால், “நல்லாருக்கேன்” என்பாள். எட்டு என்று சொல்கிற அதே குரலில்.

மார்கழி முடிந்துகொண்டிருந்தது. போகிக்கு முந்தின நாள் அம்சவல்லி படியேறி வந்தாள்.

“லேகா, பழசு கியசு இருந்தா எடுத்து வையி. காலைல கொளுத்திடலாம். புகை வரும், ராத்திரியே சன்னலெல்லாம் சாத்திக்கோ.” கொஞ்சம் நின்று, குரலை இறக்கினாள். “பரண்ல அந்தப் பையி இன்னும் வச்சிக்கினு கீறியே, அதையும் போட்டுடும்மா. அது வூட்ல இருக்க சொல்லோ அடுத்தது எப்டி தங்கும்? நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

பையில் இருந்தது அதிகமில்லை. பழைய வேட்டியைக் கிழித்து மடித்த துணிகள், ஒரு குல்லாய், அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்த தொட்டில் சேலை. எதுவும் பிள்ளையின் உடம்பில் படவே இல்லை.

போகி விடியலில் தெருவெங்கும் மேளம். பாயும் முறமும் பழைய தலையணையும் எரிகிற புகை. எவனோ டயரையும் போட்டுவிட்டான். வீடு முந்தின சாயங்காலத்திலிருந்து அடைத்தே கிடந்தது. மீட்டரில் ஏழு புள்ளி ஆறு. அவ்வளவு கீழே அவள் பார்த்ததில்லை. புகை அடங்கியதும் திறந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது.

“நம்பர்?”

“எட்டு” என்றது வாய்.

“நல்லது” என்றான். அவன் குரலில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. ஏனென்று அவளுக்குத் தெரியவில்லை. பொங்கலுக்காக அன்றைக்கு லைனைச் சீக்கிரம் நிறுத்திவிட்டார்கள் என்பதையோ, அவன் பஸ்ஸில் ஏறும்போது பேசுகிறான் என்பதையோ அவன் சொல்லவில்லை. சொல்லாமல் வந்து நிற்கலாம் என்று ஆசை.

அடுக்களை வேலையை முடித்துவிட்டு, அவள் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, தெருவின் மறுகோடியில் எரிந்த நெருப்புக்குப் போனாள். நடேசன் ஒரு கம்பால் நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் மேளத்தை அவள் காதருகில் கொண்டுவந்து அடித்துவிட்டு ஓடின.

“போடும்மா. கண்ண மூடிக்கினு போட்டுடு. ஒரு நிமிசந்தான்” என்றாள் அம்சவல்லி.

லேகா கையை நீட்டினாள். சூடு விரல் நுனியைத் தொட்டது. கை அங்கேயே நின்றுவிட்டது.

“வுடு அம்சா” என்றார் நடேசன், நெருப்பைப் பார்த்துக்கொண்டே. “அதுக்குக் கையே வர்ல பாரு. இன்னாத்துக்கு அவசரம்? அடுத்த வருசமும் போகி வருதுல்ல.”

அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

மாடியில் கதவு திறந்து கிடந்தது. வாசல்படியின் குறுக்கே தோகையோடு இரண்டு கரும்பு. ஒரகடம் கூட்டுரோட்டில் வாங்கியிருப்பான். உள்ளே இசக்கிதுரை முழங்கை வரை வெள்ளையாக நின்றான். காலடியில் காலி டப்பா, பக்கெட். தொட்டி முழுக்கப் பால் ஊற்றினதுபோல் வெளுத்திருந்தது. பாறை தெரியவில்லை. மீட்டரில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. ஒன்பதைத் தாண்டிவிட்டது.

“எட்டுன்னியே!” என்று அவன் குரல் உடைந்தது. “நான் பஸ் ஏறும்போது எட்டு. வந்து பார்த்தா ஏழு ஆறு. இந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ள அம்புட்டு விழுந்தா தொட்டி போயிட்டுன்னுதானட்டி அர்த்தம்? தெளிய வைக்க நேரம் ஏது? அப்படியே கலக்கி ஊத்திட்டேன்.”

“விழலை” என்றாள் லேகா.

“என்ன?”

“அது எட்டா இருக்கவே இல்ல. விடியக்காலம் எப்பவும் இறங்கித்தான் இருக்கும். நீங்க வாரதுக்குள்ள தானா ஏறிரும். இன்னைக்குப் புகைக்கு வீட்டை அடைச்சு வச்சேன். அதான் இன்னும் கொஞ்சம் இறங்கிட்டு.”

“எம்புட்டு நாளா இப்படிச் சொல்லுத?”

“கார்த்திகையில இருந்து.”

“ஏன் லேகா?”

அவள் அவன் கையைப் பார்த்தாள். சுண்ணாம்பு காய்ந்து விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது.

“எட்டுன்னா ‘நல்லது’ம்பிய. அந்தக் குரலைக் கேக்கத்தான்.”

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு மெல்லச் சொன்னான். “அன்னைக்கும் பெட்டிக்கு மேல நம்பர் விழுந்துக்கிட்டே இருந்துச்சு. டாக்டரு, நர்சு எல்லாருக்கும் கை ஓடுச்சு. என் கை மட்டும் சும்மா இருந்துச்சுட்டி. எதை ஊத்தணும்னு எனக்குத் தெரியல.”

கரைத்து வைத்திருந்த உப்புத் தண்ணீர் ஒரு டிரம்தான் இருந்தது. அதில் மீன்களைப் பிடித்து விட்டார்கள். பெரியது பக்கவாட்டில் சாய்ந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. சின்னது அதை முட்டி முட்டி நிமிர்த்தப் பார்த்தது. மதியத்துக்குள் இரண்டும் அசையாமல் மிதந்தன. தொட்டியில் பூக்கள் சளிபோல் கரைந்து பாறையைவிட்டு வழிந்தன.

“மீனுக்கெல்லாமா குயி தோண்டுவாங்க? இன்னா கூத்து இது” என்று சொல்லிக்கொண்டேதான் அம்சவல்லி கடப்பாரையை எடுத்துக் கொடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்குப் பின்னால் வாழையடியில் இசக்கிதுரை தோண்டினான். இரண்டு விரல் நீள மீனுக்குத் தேவையான ஆழத்தைத் தாண்டித் தோண்டிக்கொண்டே போனான். பிறகு மண்டியிட்டு, உள்ளே கை விட்டு, கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட்டான். அடி மண்ணை உள்ளங்கையால் தடவித் தடவிச் சமன் செய்தான். வாழையிலைத் துண்டை விரித்து மீன்களை அதில் வைத்தான். மேலே இன்னொரு துண்டு இலை. மண்ணைக் கொட்டாமல், பிடி பிடியாக, சத்தம் வராமல் போட்டான்.

லேகா ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அவளுக்கும் இப்படித்தான் கல்லைப் பொறுக்கிப் போட்டியளா?”

அவன் குனிந்தபடியே தலையை ஆட்டினான்.

“எங்க?”

இந்தத் தரம் அவன் எழுந்து போகவில்லை.

“ஏரிக்கரையில. ஒரு கருவேல மரம் இருந்துச்சு. அதுக்குக் கிழக்கால. அடையாளத்துக்கு மூணு கல்லு வச்சேன்.” மூச்சை இழுத்தான். “ஆடியில பஸ்ஸில போகும்போது பார்க்கேன், மரத்தைக் காணும். ரோட்டை அகலமாக்க மண்ணைத் தள்ளி நிரவிட்டாங்க. மறுநாள் ராஜசேகரோட போய்த் தேடினேன். மரம் இருந்த இடமே தெரியல. அதான் சி ஷிஃப்ட் கேட்டேன். போகும்போது இருட்டு, ஒண்ணும் தெரியாது. வரும்போது கண்ணை மூடிக்கிடுவேன். நீ எங்கன்னு கேட்டா எந்த இடத்தைக் காட்டுவேன்? எனக்கே தெரியாதுட்டி.”

அவள் வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டாள். பேன்ட்டிலிருந்து வழிந்து சாக்கடைக்குப் போன கருஞ்சாம்பல் தண்ணீர் கண்ணுக்குள் ஓடியது. பிள்ளையை மூடிய மண்ணில் அவள் கண்ணால் கண்டது அவ்வளவுதான்.

பொங்கலன்று காலையில் இருவரும் பைக்கில் போனார்கள். பையை அவள் மடியில் வைத்திருந்தாள். ஏரிக்கரைக்கும் சாலைக்கும் நடுவில், நிரவிய சிவப்பு மண்ணில், பண்டிகைக்கு ஓட்டம் இல்லாத டிரெய்லர் லாரிகள் வரிசையாக நின்றன. ஒரு டிரைவர் டயரின் மறைவில் பம்ப் ஸ்டவ் வைத்துச் சின்னச் சட்டியில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார். இசக்கிதுரை ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் இடையில் போய் நிற்பான். தரையைப் பார்ப்பான். இல்லை என்று தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போவான். அவள் பின்னாலேயே நடந்தாள்.

டிரைவர் கரண்டியோடு எழுந்து வந்தார். வயதானவர், கோயமுத்தூர்ப் பக்கத்துப் பேச்சு.

“ஏனுங் தம்பி, என்னத்தத் தேடறீங்க?”

இசக்கிதுரை அவள் பக்கம் திரும்பினான்.

“எங்க பிள்ளைய” என்றாள் லேகா.

“அட சாமி! எத்தன வயசுங்கம்மிணி?”

அவள் யோசித்தாள். “வார சித்திரைக்கு ஒண்ணு.”

கரண்டி அவர் கையிலிருந்து மண்ணில் விழுந்தது. “தவழற புள்ளையா? ஏனம்மிணி, இத்தன வண்டிக்கு நடுவுலயா உடுவீங்க?” என்றவர் அந்தப் பக்கம் திரும்பிக் கத்தினார். “டேய் மாரி! யாரும் வண்டியக் கிளப்பாதீங்கடா! கைப்புள்ள ஒண்ணக் காணமாமா! அடியில பாருங்க, டயருக்குப் பின்னால பாருங்க!”

வண்டிகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்கள் குதித்து இறங்கினார்கள். ஒருவன் வெறும் மண்ணில் குப்புறப் படுத்து லாரிக்கு அடியில் தவழ்ந்தான். ஒருவன் நாக்கைச் சொடுக்கி, கன்றைக் கூப்பிடுவதுபோல் “தா… தா… வாடா கண்ணு” என்று கூப்பிட்டுக்கொண்டே போனான். கிழவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து பார்த்தார்.

இசக்கிதுரை சொல்லிவிட வாயெடுத்தான். லேகா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். நேராக அவன் முகத்தைப் பார்த்தாள்.

“கொஞ்ச நேரம் தேடட்டும்” என்றாள்.